புது முகத்துக்கு ஓட்டுப் போடும் முன் எதைப் பார்ப்பது?

"ரெண்டு கட்சியையும் பார்த்தாச்சு, ஒரு தடவை புதுசா வர்றவருக்குப் போட்டுப் பார்ப்போமே" என்று தோன்றுகிறதா? தப்பே இல்லை, ஆனால் கூட்டத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் வேட்பாளரின் பிரமாணப் பத்திரம் (படிவம் 26) கிடைக்கும், சொத்து, கடன், வழக்கு எல்லாம் அதில் இருக்கும். வழக்குப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மறியலில் போட்ட வழக்கும் மோசடி வழக்கும் ஒன்றல்ல, எந்தச் சட்டப்பிரிவு என்று பார்த்தாலே புரிந்துவிடும்.

அப்புறம் பழைய கணக்கு. 2006-ல் விஜயகாந்த் கட்சி தனித்து நின்று 8 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் ஜெயித்தது விருத்தாசலம் ஒன்றுதான். 2011-ல் அதிமுக கூட்டணியில் 29 இடம், எதிர்க்கட்சித் தலைவர் பதவி. 2016-ல் ஒன்றுகூட இல்லை, உளுந்தூர்பேட்டையில் அவருக்கே டெபாசிட் போனது. அந்த 8 சதவீதத்தில் பாதிக்கு மேல் பெரிய கட்சிகள் மீதிருந்த கோபம்தான் என்பது என் எண்ணம், கோபத்தில் விழுந்த ஓட்டு அடுத்த தேர்தலுக்குத் தங்காது. அதனால் தேர்தலுக்குப் பிறகு யாரோடு சேர்வீர்கள் என்று பிரச்சாரத்துக்கு வரும்போதே கேளுங்கள், மழுப்பினால் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வார்டில் அவருக்குப் பூத் ஏஜென்ட் (வாக்குச்சாவடியில் வேட்பாளர் சார்பில் உட்காருபவர்) இருக்கிறாரா என்பதையும் டீக்கடையில் விசாரித்துவிடுங்கள்.