ராணி தலை வெள்ளி ரூபாய்: ஆன்லைனில் வாங்குபவர்கள் சறுக்கும் இடங்கள்

நான் ஆன்லைனில் வாங்கிய முதல் பழைய காசு, 1901ஆம் ஆண்டு விக்டோரியா வெள்ளி ரூபாய். படத்தில் வெள்ளைவெளேரென்று, நேற்று அச்சடித்த மாதிரி இருந்தது. பார்சலைப் பிரித்து, ஜன்னலோரம் எடுத்துப்போய் வெயிலில் லேசாகச் சாய்த்தேன். ராணியின் கன்னம், கழுத்து, எழுத்துக்கு நடுவே உள்ள வெற்றிடம் என எல்லா இடத்திலும் மயிரிழை மயிரிழையாகக் கீறல்கள். யாரோ விபூதி போட்டு, குங்குமச்சிமிழைத் தேய்ப்பதுபோலத் தேய்த்திருக்கிறார்கள். கிரீடத்துக்கு நேர் மேலே விளிம்பில் ஒரு இடத்தில் மட்டும் பற்கள் மழுங்கி, வெள்ளி உருகி வழிந்த தடம் தெரிந்தது. ஒரு காலத்தில் அங்கே வளையம் பற்றவைத்து யார் கழுத்திலோ தொங்கியிருக்கிறது. விற்றவர் அனுப்பிய படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சரியாக அந்த இடத்தில் அவருடைய விரல் இருந்தது.

காசு அசல்தான். ஆனால் நான் கொடுத்த விலைக்கு உரிய காசு இல்லை. 'அசலா?' என்று மட்டும் கேட்டேன், 'என்ன நிலையில் இருக்கிறது?' என்று கேட்கவில்லை.

பளபளப்பை வைத்து மயங்குவதுதான் முதல் தவறு. நூறு வருஷம் கை மாறிய வெள்ளி கருக்காமல் இருக்காது. காற்றில் உள்ள கந்தகம் பட்டு சாம்பல், பழுப்பு, சில சமயம் நீலம் என்று மேலே ஒரு படலம் பிடிக்கும். எழுத்துகளின் இடுக்கில் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும். சேகரிப்பவர்கள் அந்தக் கருப்புக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். புளி, எலுமிச்சை, பற்பசை எதைப் போட்டுத் தேய்த்தாலும் மேற்பரப்பு போனது போனதுதான். வாங்கிய பிறகு நீங்களும் தேய்க்காதீர்கள், அம்மா ஆசைப்பட்டாலும் சரி. அதேபோல காசு முழுக்க மை பூசியதுபோல ஒரே சீராகக் கறுத்திருந்தாலும் யோசியுங்கள். மருந்து வைத்துக் கறுக்க வைப்பதும் நடக்கிறது.

அடுத்தது, எடை கேட்காமல் வாங்குவது. 1835 முதல் 1939 வரை வந்த ஒரு ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது பழைய எடை அளவில் சரியாக ஒரு தோலா. பழைய வைத்தியக் குறிப்புகளில் 'ஒரு ரூபாய் எடை' என்று வருவது இந்தக் காசை எடைக்கல்லாக வைத்து நிறுத்த பழக்கத்தில்தான். வெள்ளி 91.7 சதவீதம், ஒரு காசில் சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி. நன்றாகப் புழங்கித் தேய்ந்த காசு 11.4 வரை இறங்கலாம், தப்பில்லை. 11.9 என்று கூடுதலாகக் காட்டினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். காசு தேயும், வளராது.

காந்தம் ஒட்டவில்லை, அதனால் வெள்ளி என்பார்கள். செம்பும் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது, போலிக்காரர்களுக்குப் பிடித்த ஜெர்மன் சில்வரும் (பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) ஒட்டாது. இரும்போ சுத்த நிக்கலோ இல்லை என்பதைத் தாண்டிக் காந்தம் எதையும் சொல்லாது. அதைவிட நல்ல சோதனை ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். நகை எடை பார்க்கும் சின்னத் தராசில், இரண்டு தசமம் காட்டுவதாக இருக்க வேண்டும், ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து பூஜ்யம் ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியும் பக்கமும் படாமல் தண்ணீருக்குள் முழுக்க மூழ்கும்படி பிடியுங்கள். 11.66 கிராம் இருக்கும் அசல் ரூபாய் என்றால் தராசு 1.13 கிராம் பக்கம் நிற்கும். அதே எடையுள்ள ஜெர்மன் சில்வர் போலி 1.3க்கு மேல் போய்விடும். நூலில் காற்றுக்குமிழி ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

சரி, எல்லா வருஷத்துக்கும் இதே கணக்கா? இல்லை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதிதான். மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். எடை அதே 11.66 என்பதால் கையில் வித்தியாசம் தெரியாது. விளிம்பைப் பார்த்தால் தெரியும்: பற்களின் நடுவே வாய்க்கால் வெட்டியதுபோல ஒரு பள்ளம் சுற்றி ஓடும். 1947ஆம் ஆண்டுப் புலி ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல். அது காந்தத்தில் 'டப்' என்று ஒட்டும். அதையும் 'அரிய வெள்ளி' என்று போட்டு விற்கிறார்கள்! 1939ஆம் ஆண்டு ரூபாய் உண்மையிலேயே அரிது. அதனாலேயே வேறு வருஷக் காசின் கடைசி இலக்கத்தைச் சுரண்டி 9 ஆக்குவது வழக்கம். பத்து மடங்கு லென்ஸில் அந்த 9ஐச் சுற்றியுள்ள தரையைப் பாருங்கள். தோண்டிய தடம், மற்ற இலக்கங்களோடு பொருந்தாத பருமன், ஏதாவது ஒன்று காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் கதைகள். ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாயில் அரசர் அங்கியில் உள்ள யானையின் தும்பிக்கை குட்டையாகிப் பன்றி மாதிரி தெரிந்தது. எதிர்ப்பு வந்ததால் திரும்பப் பெற்று, 1912இல் யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். இது நிஜம். ஆனால் 1912க்குப் பிந்திய, ஏராளமாகக் கிடைக்கும் காசுகளையும் 'பன்றி ரூபாய்' என்று விலை ஏற்றுகிறார்கள். முதலில் ஆண்டைப் படியுங்கள். ராமர், அனுமார் உருவம் போட்டு 'கிழக்கிந்தியக் கம்பெனி 1818' என்று இருப்பது காசே இல்லை. கம்பெனி அப்படி ஒன்றை அடிக்கவே இல்லை. அரிசியை இழுக்கும், கோடி கிடைக்கும் என்று சொல்வதெல்லாம் கோபுரக் கலச இரிடியம் மோசடிக்குத் தம்பி. 'உங்கள் காசை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்' என்று ரிசர்வ் வங்கி பெயரில் பேசுபவர்களும் உண்டு. தான் இந்த வியாபாரத்தில் இல்லை, யாரிடமும் இதற்குக் கட்டணம் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021இல் வெளிப்படையாகவே எச்சரித்தது.

படத்தை நம்பி வாங்குகிறோம் என்றால், படத்தை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு பக்கமும், விரல் மறைக்காமல். விளிம்பைச் சுற்றி ஒரு வீடியோ. தராசின் மேல் காசு இருக்க, பக்கத்தில் இன்றைய தேதி எழுதிய துண்டுச்சீட்டு. இதைக் கேட்டதும் 'நிறைய பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், சீக்கிரம் சொல்லுங்கள்' என்று அவசரப்படுத்தினால் நான் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுவேன். பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, தரம் அச்சிட்டு வந்திருக்கிறதா? அந்தப் பெட்டியிலும் போலி உண்டு. மேலே உள்ள எண்ணைத் தரம் பிரிக்கும் நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே வரும் படத்தோடு கையில் உள்ள காசின் கீறல், கறை வரை ஒப்பிடுங்கள்.

பார்சல் வந்தால் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். முதல் வேலை எடை, இரண்டாவது விளிம்பு. ராணியின் முகத்தை அதற்கப்புறம் ரசிக்கலாம்.