சாட்பாட்டுக்குக் கேள்வி பதில் எழுதும்போது

வாடிக்கையாளர் கேள்விகளுக்குத் தானாகவே பதில் சொல்லும் மென்பொருள்தான் சாட்பாட். அதற்கான கேள்விகளை நாமே உட்கார்ந்து யோசித்து எழுதாமல், வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே அனுப்பிய மின்னஞ்சல், சாட் பதிவுகளிலிருந்து அப்படியே எடுங்கள். நாம் "கடவுச்சொல்லை மாற்றுவது எப்படி?" என்று அழகாக எழுதி வைத்திருப்போம், ஆனால் வருகிறவர் "லாகின் ஆகல", "பாஸ்வேர்ட் மறந்துட்டேன்", "உள்ளே போக முடியல" என்றுதான் தட்டுவார், எழுத்துப்பிழையோடு. இவை எல்லாவற்றையும் ஒரே பதிலின் கீழ் மாற்று வடிவங்களாகச் சேருங்கள். "ஓடிபி வரல" என்பதை மட்டும் இதில் சேர்க்காதீர்கள், அதற்குத் தீர்வே வேறு, தனிக் கேள்வி-பதில் பதிவாக வையுங்கள்.

பதிலின் முதல் வரியிலேயே விஷயம் வந்துவிட வேண்டும்.

அப்புறம், பராமரிப்பு. பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். ஒவ்வொரு பதிவிலும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் பொறுப்பானவர் பெயரும் இருக்கட்டும். பணம் திரும்பக் கிடைக்கும் காலத்தை 7 நாளிலிருந்து 10 நாளாக மாற்றினால், அந்த 7 இன்னும் எந்தெந்தப் பதில்களில் ஒளிந்திருக்கிறது என்று தேடித் திருத்துங்கள். ஒரே கேள்விக்கு இரண்டு விதமாகப் பதில் வந்தால் சாட்பாட்டை யாரும் நம்ப மாட்டார்கள்.

சாட்பாட் பதில் சொல்லத் தெரியாமல் விட்ட கேள்விகளை வாரம் ஒருமுறை கட்டாயம் படியுங்கள், அடுத்து என்ன எழுத வேண்டும் என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடும். எதைத் திருத்தினாலும், அடிக்கடி வரும் 30 கேள்விகளையாவது மறுபடி கேட்டுப் பார்த்துவிட்டு வெளியிடுங்கள், ஏனென்றால் புதிதாகச் சேர்த்த ஒரு பதிவு, ஏற்கெனவே சரியாகப் போய்க்கொண்டிருந்த கேள்வியைத் தன் பக்கம் இழுத்து, அதற்குத் தவறான பதில் போகும்படி செய்துவிடலாம்.