ஆள் காணாமல் போன ஊரில் வதந்தியை எப்படிக் கையாள்வது?

ஒருவர் காணாமல் போய் மாதக்கணக்கில் துப்பு கிடைக்காவிட்டால் டீக்கடையில் ஆளுக்கொரு கதை கிளம்பும். "பங்காளிதான் ஏதோ பண்ணிட்டான்" என்பார்கள். தலையாரியாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உடனே கேளுங்கள்: "நீ கண்ணால பாத்தியா?"

பார்த்தேன் என்றால் இடம், நேரம், வேட்டிக் கரையின் நிறம், ஏறிய பஸ், கூட இருந்தவர் எல்லாவற்றையும் அன்றே நோட்டில் எழுத வையுங்கள். நாள் போனால் அடுத்தவர் சொன்னதும் அவர் பார்த்ததும் கலந்துவிடும். எழுதியதை விசாரிக்கும் ஸ்டேஷனில் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்விப்பட்டதுதான் என்றால் யார் சொன்னது என்று மட்டும் விசாரித்து, அவரிடம் போய்க் கேளுங்கள். யார் பெயரையும் வாட்ஸ்அப்பில் போடவே கூடாது. 2018 மே மாதம் போளூர் அருகே, குழந்தை கடத்த வந்தவர் என்ற வதந்தியை நம்பி, குலதெய்வம் கும்பிட வந்த மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அதை என்னால் மறக்க முடியவில்லை.

புகாரே கொடுக்கவில்லையா? 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். காணாமல் போனது குழந்தை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அழையுங்கள்.

அப்புறம், காணாமல் போனவர் வீட்டுக்குப் போனால் ஊர்ப்பேச்சைக் கொண்டுபோகாதீர்கள். ஸ்டேஷனுக்குத் துணைக்கு வரட்டுமா என்று கேளுங்கள்.