தாய்ப்பால் போதவில்லையோ என்ற ஐயம் எழுந்தால்: பவுடர் பாலுக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

குழந்தை ஓயாமல் அழுவதை வைத்தே பால் போதவில்லை என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். பசி மட்டுமே அழுகைக்குக் காரணம் அன்று. ஆகவே அழுகையைக் கொண்டு பால் அளவைக் கணிக்க இயலாது.

படி 1: கணக்கெடுங்கள். பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிப்பது இயல்பு. ஐந்தாம் நாள் முதல் நாளொன்றுக்கு 6 முறையாவது வெளிர்நிறச் சிறுநீர் கழிக்க வேண்டும். கரும்பச்சையாக வந்த மலமும் அதற்குள் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். முதல் சில நாட்களில் எடை சற்றுக் குறைவது இயல்பே என்றாலும், குறைவு பிறந்த எடையில் 10 சதவீதத்தை நெருங்கினாலோ, இரண்டு வாரங்களுக்குள் பிறந்த எடை மீளாவிட்டாலோ மருத்துவர் பார்த்தாக வேண்டும். எடையை எப்போதும் ஒரே கருவியில், உடையின்றிப் பாருங்கள்.

குழந்தை எழுப்பியும் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, சிறுநீர் மிகவும் குறைந்தாலோ, மஞ்சள் காமாலை கூடிவந்தாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை எட்டினாலோ அடுத்த படிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

படி 2: குழந்தை மார்பைப் பற்றும் விதத்தைக் கவனியுங்கள். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளிப்புறம் மடிந்து, முகவாய் மார்பில் பதிந்திருக்க வேண்டும். முதலில் வேகமாகச் சப்பும் குழந்தை, பால் இறங்கியதும் நிதானமாக இழுத்து விழுங்கும். அந்தச் சத்தம் மெல்லக் கேட்கும். குடித்து முடித்தபின் காம்பு நசுங்கியோ வெளுத்தோ காணப்பட்டால், குழந்தை காம்பை மட்டுமே கவ்வியிருக்கிறது என்று கொள்ளலாம். விரலால் பிடியை விடுவித்து மீண்டும் பற்ற வையுங்கள்.

படி 3: அப்படியும் எடை ஏறாவிட்டால் கூடுதல் பால் தேவை. தாயிடமிருந்து பீய்ச்சி எடுத்த பாலே முதல் தேர்வு. அது போதாதபோது பவுடர் பாலை (சாதாரணப் பால் பவுடர் அன்று, கைக்குழந்தைகளுக்கென்றே தயாரிக்கப்படும் ஃபார்முலா) தயங்காமல் கொடுங்கள். குழந்தையைப் பட்டினியில் வைத்துத் தாய்ப்பாலைக் காப்பாற்ற முயல்வது ஆபத்தானது. கொடுக்கும் அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். கொதித்த நீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் பவுடரைக் கலந்து, பின்பு ஆறவைத்துக் கொடுங்கள்; டப்பாவில் உள்ள அளவை மீறி நீரைக் கூட்டாதீர்கள். கலந்து இரண்டு மணி நேரம் ஆன பாலைக் கொட்டிவிடுங்கள்.

படி 4: பவுடர் பால் கொடுக்கும் ஒவ்வொரு வேளையும் மார்பிலிருந்து பாலைப் பீய்ச்சி எடுங்கள். பால் வெளியேறினால்தான் மேலும் சுரக்கும். இதை விட்டுவிட்டால் சுரப்பு குறைந்துகொண்டே போகும். மார்பகத்தில் செய்த அறுவை சிகிச்சை, ஹார்மோன் கோளாறு போன்ற காரணங்களால் சிலருக்கு எவ்வளவு முயன்றும் முழு அளவு சுரக்காது. அவர்கள் பவுடர் பாலைத் தொடர்வதில் குறையேதும் இல்லை.

எடை சீராக ஏறத் தொடங்கியதும், மருத்துவரைக் கேட்டுக் கூடுதல் பாலைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள்; சிறுநீர் கழிக்கும் எண்ணிக்கை சரிந்தால் முந்தைய அளவுக்கே திரும்பி, மீண்டும் எடை பாருங்கள்.