ஒன்பது பேர் உள்ள வீட்டில் இருந்துகொண்டே ஆரி டிசைன் வரைந்து விற்பது எப்படி?

எங்கள் வீட்டில் மொத்தம் ஒன்பது பேர். நான், கணவர், ஐந்து பிள்ளைகள், அத்தை, மாமா. ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு கிராமம். கணவர் ஓசூருக்கு ஷிப்ட் வேலைக்குப் போய் வருகிறார். காலையில் களி கிண்டி இறக்குவதற்குள் இரண்டு தலை பின்னி, ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்து, ஒரு காணாமல் போன சாக்ஸைக் கண்டுபிடித்தாக வேண்டும். இதற்கு நடுவில்தான், கொக்கி ஊசியால் துணியில் போடும் ஆரி எம்பிராய்டரிக்கு டிசைன் வரைந்து விற்கிறேன்.

முதலில் நானும் பிளவுஸ்தான் போட்டுக் கொடுத்தேன். ஒரு கல்யாண பிளவுஸுக்கு ஐந்து நாள் ஆகும். ஃபிரேம் போட்டால் கூடம் அடைத்துக்கொள்ளும். தவழுகிற குழந்தை நேராக மணி டப்பாவுக்குத்தான் போகும். பாதியில் எழுந்தால் நூல் சிக்கும். அப்போது ஆரி கற்றுக்கொண்ட பெண்கள் பலர் என்னிடம் சொன்ன ஒரே வார்த்தை: “தைக்க வருது அக்கா, வரையத்தான் வரலை.” பிளவுஸ் ஒருமுறை தைத்தால் ஒருமுறை விற்கும். டிசைனை ஒருமுறை வரைந்தால் நூறு பேருக்கும் கொடுக்கலாம். பாதியில் விட்டு எழுந்தால் தாளைச் சுருட்டிப் பரண்மேல் வைத்தால் போதும். பிள்ளைகள் நிறைந்த வீட்டுக்கு இந்தத் தொழில்தான் பொருந்தும் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதல் படி: வேலையை மூன்றாகப் பிரியுங்கள்

“நேரம் கிடைக்கும்போது செய்யலாம்” என்று இருந்தால் நேரம் கிடைக்கவே கிடைக்காது. வேலையை மனம் வேண்டியது, கை மட்டும் வேண்டியது, போன் மட்டும் வேண்டியது என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வரைவதற்கு மனம் வேண்டும். அதை விடியற்காலை நாலரையிலிருந்து ஆறு வரை, வீடு எழும்புவதற்குள் செய்கிறேன். வரைந்ததைத் துணியில் பதிப்பதற்காகத் தாளில் ஊசி குத்துவதற்குக் கை போதும். அது மதியம், கடைக்குட்டி தூங்கும்போது. ஆர்டருக்குப் பதில் சொல்வதும் ஃபைல் அனுப்புவதும் மாலையில், பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்போது. மதிய நேரத்தில் வரைய உட்கார்ந்த நாளெல்லாம் கோடு கோணலானதுதான் மிச்சம்.

ஊசி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எத்தனை ஊசி எடுத்தேனோ அத்தனையும் எண்ணி மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் வைத்த பிறகுதான் எழுவேன். எண்ணிக்கை குறைந்தால், கிடைக்கும்வரை குழந்தை அத்தையின் மடியை விட்டு இறங்காது.

இரண்டாம் படி: கை பார்டரில் தொடங்குங்கள்

மயில், யானை, பல்லக்கு எல்லாம் அப்புறம். முதலில் பிளவுஸ் கைக்கான பார்டர் ஒன்று. தேவையானவை: ஸ்கேல், இன்ச் டேப், பென்சில், கறுப்பு ஜெல் பேனா, வெள்ளைத் தாள், பட்டர் பேப்பர் (அடியில் இருப்பது தெரிகிற மெல்லிய தாள்).

கைச் சுற்றளவு 12 அங்குலம் என்று வையுங்கள். ஒரு பூ ஒன்றரை அங்குலம் என்றால் எட்டுப் பூ சரியாக உட்காரும். 13 அங்குலக் கை கேட்டால் பூவை மாற்ற வேண்டாம். கூடுதலான ஒரு அங்குலத்தை எட்டு இடைவெளிக்கும் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் அரைக்கால் அங்குலம் வரும், கண்ணுக்கே தெரியாது. ஆகவே ஒரு பூ, ஒரு இடைவெளி, இவ்வளவுதான் நீங்கள் உண்மையில் வரையப்போவது. அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் அழித்து அழித்து வரையுங்கள்.

புதிதாக வரைபவர்கள் மறக்கிற இடம் ஒன்று உண்டு. கையின் இரண்டு ஓரத்திலும் தையல் பிடிக்க அரை அங்குலமும், கீழே மடிக்க ஒரு அங்குலமும் வெறுமையாக விடுங்கள். அந்த இடத்தில் கல்லோ, கட் பீட்ஸ் என்கிற குட்டிக் கண்ணாடி மணியோ வந்தால் டெய்லரின் மிஷின் ஊசி உடையும், திட்டு உங்களுக்கு வரும்.

எங்கிருந்து வரைவது? வாசலைப் பாருங்கள். புள்ளிக்கோலம் ஏற்கெனவே கட்டம் போட்ட டிசைன்தான், யாரும் எடுத்தாளலாம். நம் மாவட்டத்து மாங்காய் ஒன்றே நூறு விதமாக வரும். ஆனால் இணையத்தில் இன்னொருவர் வரைந்ததை அப்படியே டிரேஸ் எடுக்காதீர்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி ஒருவர் சொந்தமாக வரைந்த படத்துக்கு, பதிவு செய்யாவிட்டாலும், வரைந்த அன்றே உரிமை வந்துவிடும். உங்கள் டிசைனுக்கும் அதே பாதுகாப்புதான்.

அதேபோல, தர்மபுரி மாவட்டம் சித்திலிங்கியில் லம்பாடிப் பெண்கள் தங்கள் பாட்டிமாரின் தையலை மீட்டு, ‘போர்கை’ என்ற பெயரில் துணிகளில் போட்டு விற்கிறார்கள். அவர்கள் பேச்சில் அதற்குப் பெருமை என்று பொருள். பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், அவர்களிடம் வாங்குங்கள். அந்தக் கட்டங்களை நகலெடுத்து உங்கள் டிசைன் என்று விற்க வேண்டாம்.

மூன்றாம் படி: குத்திப் பாருங்கள்

வரைந்ததன்மேல் பட்டர் பேப்பரை வைத்துப் படியெடுங்கள். பழைய போர்வையை நாலாக மடித்து, அதன்மேல் தாளை விரித்து, கோட்டோடு கோடாக நெருக்கமாக ஊசியால் குத்திக்கொண்டே போங்கள். எனக்கு இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி சரியாக வருகிறது. நெருக்கினால் தாள் கிழியும், தள்ளினால் வளைவு தெரியாது. பின் கழுத்து டிசைன் என்றால் பாதி மட்டும் வரைந்து, தாளை நடுவில் மடித்து இரண்டையும் சேர்த்துக் குத்துங்கள். பிரித்தால் இரண்டு பக்கமும் அச்சு அசலாக இருக்கும்.

குத்தி முடித்ததும் தாளைத் திருப்பி விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். அந்த மேடுகளை மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். இல்லாவிட்டால் ஓட்டை மூடிக்கொண்டு, அடுத்துத் தேய்க்கிற சாக் பவுடர் இறங்காது. பிறகு சாக் பவுடரில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுக் குழைத்து, பஞ்சில் தொட்டு, துணிமேல் வைத்த தாளில் ஒரே வாக்கில் தேயுங்கள். வெளிர்நிறத் துணி என்றால் சாக் பவுடருக்குப் பதில் நீலப் பொடி. தாளைத் தூக்கும்போது புள்ளி புள்ளியாகப் பூ எழுந்து நிற்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது அலுக்கவில்லை. மண்ணெண்ணெயைத் தண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மாங்காய், மயில் போல ஒரு பக்கம் பார்க்கிற டிசைனுக்கு, தாளைத் திருப்பிப் போட்டால் எதிர்க் கை வந்துவிடும்.

நான்காம் படி: வேறொருவர் தைக்கட்டும்

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். வரைந்தவர் கண்ணுக்குத் தன் தவறு தெரியாது. தைத்துப் பார்க்க ஆள் தேடி அலைய வேண்டாம். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தொடங்கியதே பழைய தர்மபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது அதற்குள்தான் இருந்தது, 2004இல்தான் பிரிந்தது. அதனால் குழு இல்லாத தெரு இங்கே அபூர்வம். எங்கள் குழுவில் ஆரி தெரிந்த இருவரிடம் தாளைக் கொடுத்து, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். “இது வாட்டர் ஸ்டிச்சா, லோட் ஸ்டிச்சா?” என்று தையல் வகையைக் கேட்டால், குறிப்பு போதவில்லை என்று அர்த்தம். எங்கே செயின் ஸ்டிச், எங்கே ஜர்தோசி என்கிற சுருள் ஜரிகை, எங்கே குந்தன் கல், எத்தனை இழை என்று ஓரத்தில் எழுதிய பிறகே விற்பனைக்கு வரும்.

ஐந்தாம் படி: பிடிஎஃப் ஆக்குங்கள்

ஜெல் பேனாவில் வரைந்த மூலத்தாளை ஜெராக்ஸ் கடையில் 300 டிபிஐயில் ஸ்கேன் எடுங்கள். போனில் படம் பிடித்தால் ஓரங்கள் வளையும், அளவு மாறும்.

அளவு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். என் ஆரம்ப நாட்களில் ஒரு பெண் கை பார்டர் வாங்கிப் பிரிண்ட் எடுத்து, இரண்டு ராத்திரி உட்கார்ந்து போட்டிருக்கிறார். கடைசியில் பார்டர் முக்கால் அங்குலம் குறைந்துவிட்டது. பிரிண்ட் எடுக்கும்போது ‘ஃபிட் டு பேஜ்’ என்று இருந்திருக்கிறது, தாளுக்குள் அடக்க அதுவாகவே சுருக்கிவிட்டது. தவறு என்னுடையது, நான்தான் எழுதி அனுப்பவில்லை. 50 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். அவருடைய இரண்டு ராத்திரியை எப்படித் திருப்பிக் கொடுப்பது? கல்யாணத்துக்கு நாலு நாள்தான் இருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்து மூலையிலும் இரண்டு அங்குலச் சதுரம் ஒன்று வரைகிறேன். பக்கத்தில் “100 சதவீத அளவில் பிரிண்ட் எடுக்கவும். இந்தக் கட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்த பிறகே துணியில் பதிக்கவும்” என்று எழுதுகிறேன். நீங்களும் மறக்காமல் போடுங்கள். ஏ4 தாளின் நீளம் 29.7 சென்டிமீட்டர், 12 அங்குலம்கூட வராது. ஆகவே கை பார்டரை இரண்டு பக்கமாகப் பிரித்து, ஒட்ட வேண்டிய இடத்தில் கூட்டல் குறி போடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். போட்டோ என்றால் அது தரத்தைக் குறைத்துவிடும்.

ஆறாம் படி: விலை, விற்பனை

நான் கை பார்டருக்கு 50 ரூபாயும், கழுத்தும் கையும் சேர்ந்த செட்டுக்கு 120 ரூபாயும் வாங்குகிறேன். ஊசி குத்திய பட்டர் பேப்பராகவே கேட்டால் தபால் செலவு தனி. பணம் யுபிஐயில் வந்த பிறகே ஃபைல். சொந்தக்காரர்களுக்கும் இதே முறைதான். முதலில் கஷ்டமாக இருக்கும், அப்புறம் அவர்களே பழகிக்கொள்வார்கள். மாதிரிப் படம் போடும்போது, தைத்து முடித்த துணியின் படத்தைப் போடுங்கள், கோட்டுப் படத்தை அல்ல.

மூத்த மகள்தான் ஸ்கேனைப் பக்கம் பிரித்து பிடிஎஃப் ஆக்குகிறாள். ஒரு டிசைனுக்கு 10 ரூபாய் அவள் உண்டியலுக்குப் போகும். வீட்டுப் பிள்ளைதானே என்று சும்மா வாங்காதீர்கள்.

ஆடியில் கல்யாணம் இல்லை, ஆவணியில் முகூர்த்தம் குவியும். அதனால் ஆடியிலும் மார்கழியிலும் புது டிசைன் வரைந்து சேர்த்து வையுங்கள். மாங்காய் சீசனில் எங்கள் வீட்டில் எல்லாரும் தோப்பில்தான் இருப்போம். அப்போது புது ஆர்டர் எடுப்பதில்லை, இருப்பதை மட்டும் அனுப்புகிறேன்.

ஏழாம் படி: கணக்கும் பதிவும்

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, டிசைன் எண், வந்த பணம், செலவு, இந்த நான்கு மட்டும் எழுதுங்கள். மாதம் சில ஆர்டர் வர ஆரம்பித்ததும் ஆதாரையும் பான் கார்டையும் வைத்து, உத்யம் என்கிற அரசின் சிறுதொழில் பதிவைச் செய்துகொள்ளுங்கள், வங்கிக் கடன் கேட்கும்போது உதவும். அரசு இணையதளத்தில் இந்தப் பதிவு முற்றிலும் இலவசம். “நானே போட்டுத் தருகிறேன், ஆயிரம் ரூபாய் கொடுங்கள்” என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். கல்லூரி படிக்கிற பிள்ளை ஒன்று பக்கத்து வீட்டில் இருந்தால் உட்கார வைத்து, ஒரு டீ போட்டுக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.