ஃபெர்ரித் துறைமுகம் நோக்கி கேம்பர் வேனில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற கோடையில் பிரான்ஸின் நார்மண்டியில் உள்ள உயிஸ்ட்ரெஹாம் துறைமுகத்தில், வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் ஃபெர்ரிக் கப்பலுக்காக வரிசையில் நின்றபோது, முன்னால் இருந்த கேம்பர் வேனின் (உள்ளேயே சமைத்துத் தூங்க வசதியுள்ள வேன்) பின்புறம் ஊழியர் ஒருவர் அளவு நாடாவைப் பிடிப்பதையும் ஓட்டுநரின் முகம் வாடுவதையும் கண்டேன். முதல் பயணத்தில் நான் செய்த அதே தவறு. வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதையெல்லாம் இங்கே எழுதவில்லை.

பதிவு ஆவணத்தைப் பார்த்து வேனின் நீளத்தை எழுதுவது

ஃபெர்ரிக்கு டிக்கெட் எடுக்கும்போது கேட்கப்படும் நீளமும் உயரமும், வேன் அன்று துறைமுகத்தில் எப்படி நிற்கிறதோ அதற்கான அளவுகள். என் ஆவணத்தில் 5.99 மீட்டர் என்றிருந்தது. யோசிக்காமல் அதையே நிரப்பினேன். பின்கதவில் தாங்கியோடு மாட்டியிருந்த இரண்டு சைக்கிள்கள் அதை ஆறரை மீட்டருக்கு மேல் கொண்டுபோயிருந்தன. இங்கிலாந்து செல்லும் இரவுக் கப்பலில் அந்த நீளத்துக்கு இடம் மிச்சமில்லை. தூக்கக் கலக்கத்தில் இருந்த பிள்ளைகளோடு கப்பல் விளக்குகள் விலகிச் செல்வதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மறுநாள் பயணத்துக்குக் கட்டண வித்தியாசமும் கட்டினோம். ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் விட்டதற்கு இவ்வளவு என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

சாமான்கள் அனைத்தையும் ஏற்றியபின், சமதரையில், முன் பம்பரிலிருந்து கடைசிச் சைக்கிளின் விளிம்புவரை அளந்துகொள்ளுங்கள். உயரத்துக்கு, கூரையில் மிக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சோலார் பலகை அல்லது காற்றுத்துளை மூடியின்மேல் நேரான கட்டை ஒன்றை வைத்து, அதிலிருந்து தரைவரை அளக்கவேண்டும். இரண்டு எண்களையும் மீட்டரில் எழுதி ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டிவையுங்கள். கடற்கரை வாகன நிறுத்தங்களின் நுழைவில் குறுக்கே நிற்கும் உயரத் தடுப்புக் கம்பிகளுக்கும் அது உதவும்.

சுங்கச்சாவடி இல்லையென்றால் சாலை இலவசம் என்று எண்ணுவது

பாரிஸிலிருந்து நார்மண்டி செல்லும் ஏ13 நெடுஞ்சாலையில் 2024-இல் சுங்கத் தடுப்புகளை நீக்கிவிட்டார்கள். கேமராக்கள் எண்பலகையைப் படித்துக்கொள்கின்றன. 72 மணி நேரத்துக்குள் நாமாகவே இணையத்தில் கட்டாவிட்டால் அபராதம். வேன் 3 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் கட்டண வகுப்பும் மாறும்.

துறைமுகத்தின் பெயர்

கான் (Caen) நகரின் பெயர் டிக்கெட்டில் இருந்தாலும், கப்பல் புறப்படுவது நகரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் வடக்கே, உயிஸ்ட்ரெஹாமில்.

நாய்

இங்கிலாந்தில் இறங்குவதற்கு முன் 24 முதல் 120 மணி நேரத்துக்குள் நாய்க்கு நாடாப்புழு மருந்து கொடுத்திருக்கவேண்டும். கால்நடை மருத்துவர் தேதியோடு நேரத்தையும் எழுதியிருக்கவேண்டும்.

எரிவாயு

கப்பலில் ஏறுமுன் வேனில் உள்ள எரிவாயு சிலிண்டரை மூடுங்கள்.