படிக்கிறவர் கேட்கப்போவதை முதலில் எழுதுங்கள்

கட்டுரை எழுத உட்காரும்போது ஒரே ஓர் ஆளை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். ராமேஸ்வரம் பற்றி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சேலத்திலிருந்து வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதல் தடவையாக வரப்போகிற ஒருவர் அதைப் படிக்கிறார். கோயில் பிரகாரத்தின் பெருமை அவருக்கு ஏற்கெனவே தெரியும். அக்னி தீர்த்தத்தில் முங்கி, உள்ளே 22 தீர்த்தமும் ஆடி முடித்த பிறகு ஈரத்துணியோடு சன்னிதிக்குப் போக முடியாது, அதனால் மாற்றுத்துணி வேண்டும், தண்ணீர் ஓடுகிற கல்தரையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், இதெல்லாம்தான் தெரியாது. முதல் பத்தியிலேயே இதைச் சொல்லிவிடுங்கள், மிச்சத்தையும் நம்பிப் படிப்பார்.

நான் முதன்முதலில் தனுஷ்கோடி பற்றி எழுதியபோது 1964 டிசம்பர் புயலில் ஆரம்பித்து, அலை அடித்துப்போன ரயில் வரை மூன்று பக்கம் எழுதினேன். படித்துவிட்டுச் சித்தி மகன் போன் போட்டான். "எல்லாம் சரிண்ணே, அங்க நிழல் இருக்குமா? பிள்ளைய கூட்டிட்டு எத்தனை மணிக்குப் போறது?" அன்றிலிருந்து, எழுதும் முன் அந்த ஆள் கேட்கக்கூடிய ஐந்தாறு கேள்விகளை ஒரு தாளில் குறித்துக்கொள்கிறேன். புயலை விட்டுவிடச் சொல்லவில்லை, அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் இடிந்த சர்ச் சுவர் முன்னால் நின்று "இது ஏன் இப்படிக் கிடக்கு" என்று அவரே கேட்கிற இடம் ஒன்று வரும் பாருங்கள், புயலை அங்கே வையுங்கள். அப்போது அதே வரலாறு மனதில் இறங்கும்.

அப்புறம், நேரில் போய்ப் பாருங்கள். கடலில் பாசி எடுக்கிற பெண்களைப் பற்றி "கடின உழைப்பாளிகள்" என்று எழுதினால் ஒன்றும் நிற்காது. கரையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், பழைய சேலையைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றுகிறார்கள், முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்குகிறார்கள். தண்ணீருக்கடியில் இருக்கிற பார், அதாவது பாறை, கையைக் கிழித்துவிடும், அதற்குத்தான். "தொழில் எப்படிக்கா போகுது" என்றால் "ஏதோ போகுது தம்பி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "எந்த விரல்ல முதல்ல சுத்துவீங்க" என்று கேளுங்கள், அவர்களே சொல்லிக்கொண்டு போவார்கள். படம் எடுக்கும் முன் கேட்டுவிட்டு எடுங்கள். இங்குள்ள 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, எங்கே பாசி எடுத்தார்கள் என்று நாம் எழுதுகிற ஒரு வரி அவர்களுக்குத் தொல்லையாகலாம். நம் கட்டுரை சுவையாக இருக்க வேண்டும் என்பதற்காக அடுத்தவர் பிழைப்பில் கை வைக்கக் கூடாது.

ஊர்ச்சொல்லை மாற்றாதீர்கள், பக்கத்திலேயே பொருளைச் சொல்லிவிடுங்கள். "தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா பக்கம்" என்று ஒருமுறை எழுதினால் போதும், அடுத்த வரியில் வடகடல் வரும்போது அது பாக் விரிகுடா என்று மதுரைக்காரருக்கும் பிடிபட்டுவிடும்.

பலரும் கவனிக்காத ஒன்று, எழுதிய தேதி. பாம்பன் பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது, 2025 ஏப்ரல் 6 அன்று புதுப்பாலம் திறந்தார்கள். பழையதில் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் தூக்கிக்கொள்ளும், புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகிறது. 2019-இல் எழுதியதை அப்படியே விட்டுவைத்தால் அதை நம்பி வருகிறவர் ஏமாந்துபோவார். மீன் பற்றி எழுதினாலும் இதே கதைதான், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்று ஒரு வரி இருக்க வேண்டும். தலைப்புக்குக் கீழே தேதியைப் போடுங்கள், வருடம் ஒருமுறை எடுத்துத் திருத்துங்கள்.

பத்திகள் சின்னதாக இருக்கட்டும், முக்கால்வாசிப் பேர் பஸ்ஸில் நின்றுகொண்டு போனில்தான் படிக்கிறார்கள்.

எழுதி முடித்ததும் நான் அம்மாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். அவர் 'ம்' கொட்டுவது எங்கே நிற்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, மறுநாள் காலையில் அந்தப் பத்தியை மட்டும் திரும்ப எழுதுகிறேன்.